நல்ல மருத்துவர் போதுமா?

மருத்துவ உலகின் மீது மருத்துவர் ஒருவரே வழக்குத் தொடுத்தார். வழக்கு மன்றத்திலே அல்ல, நாவலிலே! 1937ஆம் ஆண்டு இலண்டனில் வெளிவந்த அந்நாவலின் பெயர் ‘தி சிட்டாடல்’. தமிழிலே ‘கோட்டை’ எனலாம். எழுதியவர் ஏ. ஜே. குரோனின். ஸ்காட்லாந்துக்காரர், மருத்துவம் பயின்றவர், வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்க ஊர்களிலே பணி புரிந்தவர், பின்னர் இலண்டனிலே மருத்துவம் பார்த்தவர், அதற்கும் பின்னர் அத்தொழிலைத் துறந்து எழுதுகோல் ஏந்தியவர். உள்ளே இருந்தவர் எழுதினார். ஆகவே உள்ளதை எழுதினார். படித்தவர் பதறினர், மருத்துவப் பெருமக்கள் சிலர் சினந்தனர். அடுத்த ஆண்டே கதை திரைப்படமாயிற்று. 1971இல் ‘தேரே மேரே சப்னே’ என்னும் இந்திப் படமாக நம் நாட்டுக்கும் வந்து சேர்ந்தது.

மருத்துவம் பொதுவுக்கா தனியாருக்கா, மருந்தின் விலையிலே அரசு கை வைக்கலாமா கூடாதா என்ற வாதம் எழும்போதெல்லாம் இந்நாவல் நம் நினைவுக்கு வருகிறது. நல்ல நூல் என்றே போற்றுகிறோம். ஆனால், போற்றுதல் மட்டுமே திறனாய்வு ஆகிவிடாது. நோயைக் காட்டிய அளவுக்கு அந்நூல் தீர்வைக் காட்டிற்றா? கேட்டுப் பார்ப்போம்.

கதையின் போக்கு இது. 1924ஆம் ஆண்டு. ஆண்ட்ரூ மான்சன் என்னும் ஏழை இளைஞன், பட்டம் பெற்ற சூடு ஆறுமுன்னர், டிரினெஃபி என்னும் சுரங்க ஊருக்கு வருகிறான். மருத்துவர் பேஜ் என்பாருக்கு அவன் துணையாள். பேஜோ நோயுற்றுப் படுக்கையிலே கிடக்கிறார். பெயர்ப்பலகை பேஜுடையது, உழைப்பு மான்சனுடையது, வரும்படியோ பேஜ் வீட்டாருடையது! ஊரிலே டைபாய்டு காய்ச்சல் பரவுகிறது. காரணம் யாது? தெய்வக் குற்றமா? தலையெழுத்தா? இரண்டும் அல்ல. பழுதான பழைய சாக்கடையின் கழிவு குடிநீரிலே கலக்கிறது. சொல்ல வேண்டியவர்களிடம் சொல்லியும் அசைவார் இல்லை. மான்சனும், டென்னி என்னும் சக மருத்துவனும் ஓர் இரவிலே வெடி வைத்துச் சாக்கடையைத் தகர்க்கிறார்கள். வேறு வழியின்றிப் புதிய சாக்கடை அமைக்கப்படுகிறது.

அடுத்து அபெரலா என்னும் ஊர். அங்கே தொழிலாளர் தம் கூலியிலிருந்து சிறு தொகை செலுத்தி, மருத்துவ உதவிச் சங்கம் ஒன்றை நடத்துகின்றனர். மான்சன் அச்சங்கத்தின் மருத்துவன். சுரங்கத்தின் தூசி தொழிலாளியின் நுரையீரலை எவ்வாறு அரிக்கிறது என்று ஆராய்கிறான். ஆராய்ச்சிக்குக் கினிப்பன்றிகளை உரிமம் இன்றி வைத்திருந்தான் என்று அவன் மீது புகார். மனம் கசந்து விலகுகிறான், இலண்டன் சேர்கிறான்.

அபெரலாவிலே கினிப்பன்றி, இலண்டனிலோ கினிக் கணக்கிலே கட்டணம்! சீமாட்டிகளின் இல்லாத நோய்க்கு ஊசி போட்டுப் பொருள் குவிக்கிறான். ஒருவர் நோயாளியை மற்றவருக்கு அனுப்புவதும், அனுப்பியதற்குப் பங்கு பெறுவதும் அங்கே நாகரிகம். ஐவரி என்பவர் அவ்வட்டத்தின் அறுவை மருத்துவர். கத்தியைக் காட்டிலும் கட்டணத்திலே கைதேர்ந்தவர். எளிய கடைக்காரி ஒருத்தியின் கணவன் விட்லர், மான்சனை நம்பி வந்து, ஐவரியின் கத்தியிலே மாண்டுபோகிறான். அப்போதுதான் மான்சனுக்குக் கண் திறக்கிறது. இலண்டன் தொழிலை விற்றுவிடுகிறான். அவன் மனச்சாட்சியாக வாழ்ந்த மனைவி கிறிஸ்டீன் விபத்திலே இறக்கிறாள். காசநோயுற்ற ஒரு பெண்ணைப் பதிவு பெறாத நிபுணர் ஒருவரிடம் சேர்த்துக் காப்பாற்றிய ‘குற்றத்துக்காக’ மருத்துவப் பேரவையின் முன் நிறுத்தப்படுகிறான், தன் தொழிலின் வாணிக மனத்தை அங்கே சாடுகிறான், விடுபடுகிறான். நண்பர் இருவரோடு ஓர் ஊரிலே நேர்மையான மருத்துவ நிலையம் தொடங்கப் புறப்படுகிறான். கதை முடிகிறது.

குரோனின் கண்ட உண்மை பெரிது. நோய் நீடித்தால் வரும்படி நீடிக்கும். நோய் தீர்ந்தால் வரும்படியும் தீரும் என்ற நிலையிலே மருத்துவனை நிறுத்திவிட்டு, “தன்னலம் கருதாதே” என்று அவனுக்கு அறிவுரை கூறுவது எத்துணைப் பேதைமை! அந்நிலையிலே நல்லவனும் நழுவுவான் என்பதை மான்சனின் வீழ்ச்சியாலே காட்டினார். சாக்கடை நிகழ்ச்சியோ அதனினும் ஆழமானது. நூறு புட்டி மருந்து செய்ய இயலாததை ஒரு புதிய சாக்கடை செய்தது. புட்டிக்கு விலை உண்டு. விற்பவனுக்கு இலாபம் உண்டு. காய்ச்சலே வராமல் தடுக்கும் சாக்கடையினால் எந்த வணிகனுக்கு இலாபம்? ஒருவனுக்கும் இல்லை. ஆகவேதான் அது பொதுவின் கடமை ஆகிறது. நலவாழ்வின் பெரும்பகுதி, கடையிலே விற்க இயலாத பொருள் என்ற பாடத்தை அந்தச் சில பக்கங்களிலே எழுதிவிட்டார் ஆசிரியர்.

ஆனால், எழுதியதை அவரே இறுதியிலே மறந்துவிட்டார். இதுவே நம் குற்றச்சாட்டு.

நாவலின் முடிவைப் பாருங்கள். கெட்ட வழியிலே சென்றவன் திருந்தினான். நல்லவர் மூவர் கூடினர். ஒரு நிலையம் பிறந்தது. நன்று! அந்த ஊரிலே பிறந்த நோயாளி நற்பேறு பெற்றவன். அடுத்த ஊரிலே பிறந்தவன் என் செய்வான்? அங்கே ஐவரி அல்லவா கத்தி தீட்டிக்கொண்டிருக்கிறார்! மூவரும் முதுமையடைந்த பின் நிலையம் யார் கைக்குப் போகும்? மான்சன் திருந்தினான், அந்தத் திருந்தல் விட்லரின் மனைவிக்குக் கணவனைத் திருப்பித் தந்ததா? ஒருவனுடைய நெஞ்சு திருந்தும்வரை இன்னும் எத்தனை விட்லர்கள் மேசை மீது கிடத்தப்பட வேண்டும்?

அமைப்பின் குற்றத்தை ஆளின் குற்றமாகச் சுருக்கிவிட்டது கதை. நல்லவன், கெட்டவன், மனம் மாறியவன் என்று மனிதர்களைப் பிரித்துக் காட்டியவர், மருத்துவனுக்கும் நோயாளிக்கும் நடுவிலே வைக்கப்பட்டிருக்கும் பணப்பெட்டியை அங்கேயே விட்டுச் சென்றார். பெட்டியருகே நிற்பவன் நல்லவனாக மாறினான், பெட்டி மாறவில்லை. கருணை உயர்ந்த பண்பு, மறுப்பார் இல்லை. ஆனால் கருணை, கொடுப்பவன் மனம் போல் வருவது. உரிமை, கேட்பவன் குரலுக்கு வருவது. ஏழை நோயாளி நாடி நிற்க வேண்டியது எதனை?

இக்கேள்விக்கு விடை நாவலிலே இல்லை. நாவல் பிறந்த மண்ணிலே இருக்கிறது.

வேல்ஸிலே டிரெடீகர் என்று ஓர் ஊர். 1920களின் தொடக்கத்திலே குரோனின் அங்கே தொழிலாளர் மருத்துவ உதவிச் சங்கத்திலே பணி புரிந்தார். அபெரலாவுக்கு அவ்வூரே முன்மாதிரி என்பர். அதே டிரெடீகரிலே 1897இல் பிறந்தார் அனூரின் பெவான். பதின்மூன்று வயதிலே சுரங்கத்துள் இறங்கினார். சுரங்கத் தூசி நுரையீரலை அரித்ததனால் அவர் தந்தை 1925இல் இறந்தார். மான்சன் ஏட்டிலே ஆராய்ந்த நோய், பெவான் வீட்டிலே நடமாடிய நோய்!

1911ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டம் கூலி வாங்கும் தொழிலாளிக்கு மட்டும் மருத்துவரைத் தந்தது. அவன் மனைவிக்கும் மக்களுக்கும் தரவில்லை. டிரெடீகர்த் தொழிலாளரோ கூலியிலே பவுனுக்கு மூன்று பென்ஸ் வீதம் கொடுத்து, குடும்பம் முழுமைக்கும் மருத்துவமும் மருந்தும் பெற்றனர். கொடுத்தது கூலியின் அளவுப்படி. பெற்றது நோயின் அளவுப்படி. இந்தச் சிறு கணக்கிலே ஒரு பெரும் புரட்சி ஒளிந்திருந்தது. குரோனின் அதைக் கண்டார். குழுக்கூட்டத்தின் சச்சரவை எழுதினார். பெவான் அதைக் கண்டார். நாடு முழுமைக்கும் அதை விரித்தார்! 1945இல் சுகாதார அமைச்சரானார். 1946இல் சட்டம் கொணர்ந்தார். 1948 ஜூலை 5ஆம் நாள் தேசிய சுகாதாரப் பணி தொடங்கிற்று.

எளிதிலே தொடங்கியதா? இல்லை. அவ்வாண்டு பிப்ரவரியில் மருத்துவர் சங்கம் நடத்திய வாக்கெடுப்பிலே, வாக்களித்தவருள் பத்தில் ஒன்பது பேர் அளவுக்குத் திட்டத்தை எதிர்த்தனர். “மருத்துவனின் உரிமை போகும், அரசாங்க எழுத்தனாகிவிடுவான்” என்றனர். பெவான் சிலவற்றை விட்டுக்கொடுத்தார். பெரிய நிபுணர்கள் பொது மருத்துவமனையிலேயே தனிக் கட்டணப் படுக்கை வைத்துக்கொள்ளலாம் என்று இசைந்தார். அவர் விட்டுக்கொடுத்தது சரியா என்று இன்றும் வாதிடலாம். ஆனால், எதிர்த்து வாக்களித்த மருத்துவர்கள் ஓரிரவிலே மனம் திருந்திய மான்சன்கள் அல்லர். நெஞ்சு மாறும் வரை காத்திருக்கவில்லை பெவான், பணப்பெட்டியை நகர்த்தினார். பெரும்பாலோர் வந்து சேர்ந்தனர்.

நாவல் எழுப்பும் ஒரு தடையை இங்கே மறைத்தல் நேர்மையாகாது. அபெரலா சங்கத்திலே தலைமை மருத்துவர், மற்ற மருத்துவரின் ஊதியத்திலே ஐந்தில் ஒரு பங்கைத் தமக்கெனப் பெறுகிறார். உழைக்க இயலாதவன் என்று பொய்ச் சான்று கேட்டு வருவோரும், தராவிட்டால் வேறு மருத்துவரிடம் போவோரும் உள்ளனர். “பார்த்தீர்களா, பொது அமைப்பின் இலட்சணம் இதுதான்!” என்பர் தனியார் கட்சியினர். அந்தச் சித்திரம் பொய் என்று நாம் கூற மாட்டோம். பொது என்று பலகை மாட்டியதாலேயே பொதுநலம் குடிவந்துவிடாது. அரசு மருத்துவமனையின் வாயிலிலே கையூட்டுக் கேட்பவனும், வரிசையிலே நிற்கும் கிழவியை அதட்டுபவனும் உண்டெனில், அவனைக் கண்டிப்பதிலே நமக்கே முதற்கடமை. ஆனால் வேறுபாடு ஒன்று உண்டு. சங்கக் குழுவைத் தொழிலாளி கேள்வி கேட்கலாம். அடுத்த தேர்தலிலே மாற்றலாம். ஐவரியின் கட்டணச் சீட்டை யாரிடம் கொண்டுபோய்க் கேள்வி கேட்பது? நோயாளி நிற்கும் இடம் சந்தை அல்ல. இந்தக் கடையிலே விலை அதிகம், அடுத்த கடைக்குப் போகலாம் என்று மார்பு வலிப்பவன் பேரம் பேசுவானா? எந்த மருந்து வேண்டும் என்பதை அவன் அறியான், அறிந்தவரே விற்பவர். இந்நிலையிலே ‘வாங்குபவன் சுதந்திரம்’ என்பது அலங்காரச் சொல்.

இனி மருந்துக்கு வருவோம். நாவல் அறவே தொடாததும், பெவானின் சட்டமும் முழுதும் தீர்க்காததும் இது. மருத்துவரின் கட்டணமும் படுக்கையின் கட்டணமும் பொதுவின் பொறுப்பாயின. மருந்து செய்யும் கம்பெனிகளோ தனியாரிடமே நின்றன. வாசலிலே விரட்டப்பட்ட பணப்பெட்டி கொல்லைப்புறமாக உள்ளே வந்தது! விலையைக் கம்பெனி சொல்லிற்று, அரசு செலுத்திற்று. 1951இல் பல்லுக்கும் கண்ணாடிக்கும் கட்டணம் விதித்தபோது பெவான் அமைச்சர் பதவியைத் துறந்தார். 1952இல் மருந்துச் சீட்டுக்கு ஒரு ஷில்லிங் கட்டணம் வந்தது. செலவு ஏறுகிறது என்றபோது, விற்பவனின் இலாபத்தைக் குறைப்பதற்கு முன்னர் நோயாளியின் சட்டைப்பையைத் தடவினர்.

பின்னர் ஒரு விந்தை நிகழ்ந்தது. டெட்ராசைக்ளின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தின் காப்புரிமை ஃபைசர் கம்பெனியிடம் இருந்தது. மருந்துக்குக் காப்புரிமையே வழங்காத நாடாக அன்று இருந்தது இத்தாலி. அங்கே அதே மருந்து மலிவு. 1961இல் பிரிட்டிஷ் அரசு, நாட்டின் பணிக்குத் தேவையெனின் காப்புரிமையை மீறிப் பயன்படுத்தலாம் என்ற சட்டப் பிரிவைக் கையிலெடுத்து, இத்தாலியிலிருந்து தன் மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்க முற்பட்டது. அப்போதைய சுகாதார அமைச்சர் யார்? பொதுவுடைமைக்காரரா? இல்லை, தடையற்ற சந்தையின் பெரும் புகழ் பாடியான ஈனக் பவல்! கம்பெனி வழக்காடிற்று. 1965இல் பிரபுக்கள் சபை அரசின் பக்கமே தீர்ப்பளித்தது. சந்தையின் பக்தரையும் விலைச் சீட்டு வழிக்குக் கொண்டுவந்தது! மருந்து விலையிலே அரசு தலையிடுவது கொள்கை வெறி என்போர் இந்த வரலாற்றை ஒருமுறை படிக்கட்டும்.

“விலையைக் கட்டுப்படுத்தினால் ஆராய்ச்சி மடியும், புது மருந்து பிறக்காது” என்பது எதிர்ப்பக்கத்தின் வலுவான வாதம். ஆராய்ச்சிக்குப் பொருள் வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயின், நாவலிலே மான்சன் காத்த பெண்ணுக்கு இருந்த காசநோயையே எடுத்துக்கொள்வோம். அதனை முதன்முதலில் வென்ற ஸ்ட்ரெப்டோமைசின், 1943இல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடத்திலே கண்டறியப்பட்டது. அதன் ஆற்றலை முறையாகச் சோதித்து 1948இல் உலகுக்கு அறிவித்தது பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு. அது அரசுப் பணத்திலே நடந்தது. நீரிழிவாளரின் உயிர் காக்கும் இன்சுலினின் காப்புரிமையை, கண்டறிந்தோர் டொரான்டோ பல்கலைக்கழகத்துக்குத் தலைக்கு ஒரு டாலருக்கு விற்றனர். பொதுப்பணம் விதை போட்டதும் உண்டு. கம்பெனிப் பணம் விளைத்ததும் உண்டு. இரண்டும் உண்மை எனின், அறுவடையின் விலையை ஒருவர் மட்டுமே தனியறையில் எழுதுவது என்ன நீதி? கணக்கைக் காட்டட்டும், செலவைச் சொல்லட்டும், நியாயமான இலாபத்தைப் பெறட்டும். கணக்கை மறைத்துவிட்டு ஆராய்ச்சியின் பெயரைச் சொல்வதைத்தான் ஏற்க இயலாது.

இந்தச் சிக்கல் ஆங்கில நாட்டோடு நின்றதா? இல்லை. 1911இல் ஆங்கில ஆட்சி இங்கே இயற்றிய காப்புரிமைச் சட்டம், கொடி மாறிய பின்னும் நெடுநாள் ஆண்டது. 1959 முதல் கெஃபாவர் தலைமையிலே அமெரிக்க மேலவைக் குழு நடத்திய விசாரணை ஓர் உண்மையை வெளியிட்டது: வறுமை மிக்க இந்தியாவிலே மருந்தின் விலை உலகின் மிக உயர்ந்த விலைகளுள் ஒன்றாம்! நீதிபதி இராஜகோபால அய்யங்கார் 1959இல் அளித்த அறிக்கை வழி காட்ட, 1970ஆம் ஆண்டின் சட்டம் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமையை மறுத்து, செய்முறைக்கு மட்டும் வழங்கிற்று. வேறு முறையிலே அதே மருந்தைச் செய்ய நம் நாட்டுத் தொழிற்சாலைகளுக்கு வாயில் திறந்தது, விலை இறங்கிற்று. உலக வணிக உடன்பாட்டினால் 2005 முதல் பொருட் காப்புரிமை திரும்பிவிட்டது. எனினும் சட்டத்திலே கதவு முழுதும் அடைபடவில்லை. 2012இல் புற்றுநோய் மருந்து சோரஃபெனிபுக்கு அரசு கட்டாய உரிமம் வழங்கியபோது, மாதம் 2,80,000 ரூபாய்க்கு மேல் விற்ற மருந்து 9,000 ரூபாய்க்கும் குறைவாக விற்க வழி பிறந்தது. ஒரு கையெழுத்து செய்ததை எத்தனை கருணை உள்ளங்கள் கூடிச் செய்ய இயலும்?

அதே வேளையில், கட்டுப்பாடு என்ற பெயரே போதும் என்று நாம் மகிழ்ந்துவிடுதல் கூடாது. 2013ஆம் ஆண்டின் விலைக் கட்டுப்பாட்டு ஆணை, இன்றியமையா மருந்துகளுக்கு உச்சவரம்பு வகுத்தது. எவ்வாறு? ஆக்கும் செலவைக் கணக்கிட்டு அன்று. சந்தையிலே குறிப்பிட்ட அளவு விற்பனையாகும் பல பெயர் மருந்துகளின் விலைச் சராசரியைக் கணக்கிட்டு! விலை உயர்ந்தது என்பதுதான் வழக்கு. அந்த விலையையே அளவுகோலாகக் கொண்டால் தீர்ப்பு எப்படி இருக்கும்?

1994இல் தோன்றிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வேறொரு பாதையைக் காட்டிற்று. கம்பெனிப் பெயரால் அன்றி மருந்தின் பெயரால், மாநிலத்து அரசு மருத்துவமனைகள் அனைத்துக்கும் ஒருசேர, வெளிப்படையான ஒப்பந்தப்புள்ளி மூலம் வாங்கி, தரம் சோதித்து, மாவட்டக் கிடங்குகளிலே வைத்து வழங்கும் முறை அது. நோயாளி ஒருவன் தனியே நின்றால் விலை கேட்பவன். கோடி நோயாளிகள் ஒருங்கே நின்றால் விலை சொல்பவர். டிரெடீகரின் மூன்று பென்ஸ் சொன்ன பாடமும் இதுவன்றோ? அந்த டிரெடீகர் இருக்கும் வேல்ஸிலே, 2007 முதல் மருந்துச் சீட்டுக்குக் கட்டணம் இல்லை. அடுத்திருக்கும் இங்கிலாந்திலோ கட்டணம் தொடர்கிறது. ஒரே பணியிலே இரு நெறி! இயற்கையின் நியதி அன்று இது. அங்கங்கே மன்றங்களிலே அமர்ந்தோர் எடுத்த முடிவு. முடிவாக இருப்பதெல்லாம் மாற்றத்தக்கதே.

‘தி சிட்டாடல்’ நாவலை இளைஞர்கள் படிக்க வேண்டும் என்றே நாம் கூறுவோம். கிறிஸ்டீனுக்காகக் கண்ணீர் வரும், வரட்டும். மான்சனின் வீரவுரையிலே தோள் பூரிக்கும், பூரிக்கட்டும். ஆனால், கடைசிப் பக்கத்திலே நிறுத்திவிடாதீர்கள். மூன்று நல்ல மருத்துவர்கள் கோட்டையைப் பிடித்துவிட்டனர் என்று ஆசிரியர் முடிக்கும் இடத்திலேதான் நம் வேலை தொடங்குகிறது. உங்கள் ஊர் அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மருந்து இருப்பிலே உள்ளதா, இல்லையெனில் எத்தனை நாளாக இல்லை, வெளியிலே வாங்கி வா என்று சீட்டு எழுதப்படுகிறதா, அதே மருந்து எதிர்க்கடையிலே என்ன விலை என்று கேளுங்கள். கேட்டதை எழுதுங்கள், எழுதியதைப் பொறுப்பிலிருப்போர் முன் வையுங்கள். மருத்துவர் நல்லவராக அமைந்தால் மகிழ்வோம். அமையாவிட்டாலும் ஏழை பிழைத்தாக வேண்டும். அதற்கு உறுதி தரும் ஏற்பாட்டைத்தான் நாம் கேட்கிறோம்.